உபுண்டு நிறுவியும் கிரப் பட்டியல் வராத மடிக்கணினி: ஓர் அனுபவம்

விண்டோஸ் இருந்த மடிக்கணினியில் அதன் பார்ட்டிஷனை, அதாவது வட்டில் அதற்கான பகுதியை, சுருக்கியதும் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவை நிறுவியதும் வழக்கம்போல் முடிந்தன. மறுதொடக்கத்தில்தான் சிக்கல் எழுந்தது. எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியல் தோன்றவே இல்லை. உபுண்டு வட்டிலேயே இல்லை என்பதுபோலக் கணினி நேராக விண்டோஸுக்குள் சென்றது. தயாரிப்பாளரின் சேவை மையத்தில் கேட்டபோது, இந்த மாடல் இரண்டு இயங்குதளங்களை ஏற்காது என்றும், வட்டை முழுவதும் அழித்து விண்டோஸை மட்டும் போட்டுத் தருவதாகவும் சொல்லி முடித்துக்கொண்டார்கள். அந்தப் பதில் தவறு என்பதை இன்று அதே கணினியில் இரண்டையும் இயக்கியபடி எழுதுகிறேன். அதை நம்பித் தரவை இழந்தவர்கள் இருப்பார்களே என்று நினைக்கும்போது இன்னும் மனம் ஆறவில்லை.

மீண்டும் நிறுவத் துணிவதற்கு முன், தொடக்கம் எந்தக் கட்டத்தில் தடைபடுகிறது என்று பாருங்கள். கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருளே ஃபர்ம்வேர்; அது பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ முறையில் இயங்கும். பழைய பயாஸ் முறையில் வட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள் இருக்கும் சிறு நிரலையே கணினி இயக்கும்; அதனால் கடைசியாக அங்கே எழுதியதே முந்திக்கொள்ளும். புதிய யூஇஎஃப்ஐ முறையில், ஒவ்வோர் இயங்குதளமும் தன் தொடக்கக் கோப்பை இஎஃப்ஐ பார்ட்டிஷனில் தனிக் கோப்புறையில் வைக்க, எதை முதலில் இயக்குவது என்ற வரிசை மட்டும் மதர்போர்டின் நினைவகத்தில் பதிவாகிறது. பென் டிரைவிலிருந்து உபுண்டுவைத் தொடங்கி இரண்டையும் சோதித்தேன். தொடக்கக் கோப்பு உரிய இடத்தில் இருந்தது. வரிசையில் அதற்கான பதிவைக் காணவில்லை. டெர்மினல் கட்டளையால் பதிவைச் சேர்த்து முதலிடத்தில் வைத்தபோதும், அடுத்த தொடக்கத்தில் ஃபர்ம்வேர் அதை நீக்கிவிட்டது. நிறுவலிலோ கிரப்பிலோ குறையில்லை என்பது அப்போதே உறுதியாயிற்று.

விடை ஃபர்ம்வேரின் அமைப்புப் பக்கத்திலேயே, தேர்ந்தெடுக்க முடியாதபடி மங்கிக் கிடந்தது. ஒரு இஎஃப்ஐ கோப்பை நம்பகமானது என அறிவிக்கும் வசதி பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறது. மேற்பார்வையாளர் கடவுச்சொல் ஒன்றை அமைத்த பிறகுதான் அது திறக்கிறது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடவுச்சொல்லை அமைத்து, உபுண்டு கோப்புறைக்குள் சென்று, கிரப்புக்கு முன் இயங்கும் சிறு நிரலான ஷிம்மின் கோப்பைத் தேர்ந்து, அதற்கொரு பெயரிட்டுச் சேமித்தேன். அடுத்த முறை அமைப்புப் பக்கத்தைத் திறந்தபோது அந்தப் பெயர் பூட் வரிசையில் இருந்தது. அதை மேலே நகர்த்தியதும் கிரப் பட்டியல் திரையில் வந்து நின்றபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது.

அந்தக் கோப்புறையில் கிரப்பின் கோப்பும் இருக்கும், அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஷிம் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்றது. அதுவே கிரப்பைச் சரிபார்த்துத் தொடங்கும். ஆகவே பலரும் அறிவுறுத்துவதுபோல் நம்பகமான கையொப்பமில்லாத நிரல்களைத் தொடக்கத்தில் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிய தேவை எழவில்லை.

இதில் கை வைப்பதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். விண்டோஸ் பார்ட்டிஷன், அதன் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், தொடக்க வரிசை மாறியதும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அதை முன்கூட்டியே வேறோர் இடத்தில் எழுதி வையுங்கள். மேற்பார்வையாளர் கடவுச்சொல்லையும் அவ்வாறே குறித்து வையுங்கள்; பல மடிக்கணினிகளில் பேட்டரியைக் கழற்றினாலும் அது அழியாது.

கிரப் வந்த பிறகு பட்டியலில் விண்டோஸைக் காணவில்லை என்றால் பதறாதீர்கள். 2021இல் வெளியான கிரப் 2.06 பதிப்பிலிருந்து, பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதைத் தடுக்கும் வரியின் மதிப்பை ஃபால்ஸ் என மாற்றி, அப்டேட்-கிரப் கட்டளையை இயக்கினால் விண்டோஸும் பட்டியலில் சேர்ந்துவிடும்.