மவுசர் அண்ணன் தம்பியின் ஊரில் ஒரு பகல்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ரயில் ஏறி ஹோர்ப் தாண்டியதும் நெக்கார் ஆறு கூடவே வந்தது. ஓபர்ண்டோர்ஃபில் ஸ்டேஷன் கீழே பள்ளத்தாக்கில், பழைய ஊர் மேலே சரிவில். மவுசர் துப்பாக்கி பிறந்த ஊர் இது. 1914இல் கல்கத்தாவின் ஆயுத வியாபாரியான ரோடா கம்பெனியின் சரக்கிலிருந்து வங்கப் புரட்சியாளர்கள் எடுத்துச் சென்ற 50 கைத்துப்பாக்கிகளும் மவுசர்தான். அதைப் படித்த நாளிலிருந்து இங்கே வர ஆசை.

முதலில் ஸ்வீடனின் துப்பாக்கி ஆர்டருக்காகக் கட்டிய பழைய கட்டடத்தில் இருக்கும் அருங்காட்சியகம். நான் வெகுநேரம் நின்றது 1871 மாடல் ரைஃபிள் முன்னால். அதற்கு முந்தைய பிரஷ்ய ஊசித் துப்பாக்கியில், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியைத் தனியாக இழுத்து வைக்கவேண்டும். இதில் குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கும்போதே அந்த வேலை முடிந்துவிடும். 13 பிள்ளைகளில் கடைக்குட்டியான பவுல் மவுசரின் மூளையில் உதித்தது.

ஆனால் என் மனம் அண்ணன் வில்ஹெல்ம் பக்கமே போனது. தம்பிக்குக் கைவேலை, அண்ணனுக்குப் பேச்சு. ஒரு அமெரிக்கரை நம்பி 1867இல் பெல்ஜியத்தின் லீஜ் வரை போனார்கள், அந்த ஒப்பந்தம் கைகூடவில்லை. அப்புறம் பிரஷ்ய ராணுவத்திடம் துப்பாக்கியைக் கொண்டுசேர்க்க அலைந்தவர் வில்ஹெல்ம். 1874இல், அப்பா கூலிக்கு வேலை பார்த்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையையே வங்கி ஒன்றின் துணையோடு அண்ணனும் தம்பியும் வாங்கினார்கள். எட்டே வருடம். 47 வயதில் வில்ஹெல்ம் போய்விட்டார்.

1887இல் துருக்கி 5 லட்சம் ரைஃபிள் கேட்டது. அவ்வளவு பெரிய ஆர்டருக்கு பெர்லினின் லோவே நிறுவனம் கூட்டுச் சேர்ந்தது, மவுசர் நிறுவனத்தின் பங்குகளும் அவர்கள் கைக்குப் போயின. பவுல் ஓபர்ண்டோர்ஃபிலேயே உழைத்தார். புகழ்பெற்ற 98 மாடல் ரைஃபிளைத் தந்தார், ஒரு சோதனையில் ஒரு கண்ணையும் இழந்தார். பேச்சுக்கு அண்ணன் இருந்திருந்தால் குடும்பத்தின் பிடி இவ்வளவு சீக்கிரம் நழுவியிருக்காது என்றே எனக்குப் படுகிறது.

இரண்டாம் உலகப்போரில் ஆயிரக்கணக்கானோர் இங்கே கட்டாய உழைப்பில் வாடினார்கள். அதை விட்டுவிட்டு இந்தத் தொழிலின் பெருமையை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. போருக்குப்பின் பிரெஞ்சுப் படை ஆலையைப் பிரித்துப்போட்டது.

கடைசியாக அகஸ்டினிய மடத்துக்குப் போனேன். 1811இல் இந்தப் பகுதியை ஆண்ட வூர்ட்டம்பர்க் மன்னர் துப்பாக்கி ஆலையாக மாற்றிய மடம், இப்போது நகராட்சி அலுவலகம். அதன் தேவாலயத்தில் கச்சேரிகள் நடக்கின்றன. கூரை முழுக்க 18ஆம் நூற்றாண்டு ஓவியர் எண்டர்லேயின் ஓவியங்கள். நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றதில் கழுத்து வலித்தது. ஸ்டுட்கார்ட் ரயிலுக்கு இன்னும் ஒரு மணிநேரம் இருந்தது. ஆற்றங்கரை வழியாக மெதுவாக நடந்தேன்.