காய்ச்சல் இல்லை என்று காட்ட வந்தவர்கள்

புதுக் காய்ச்சல் ஒன்று உலகம் முழுக்கப் பரவப் போகிறது என்று செய்தி வந்தால் பார்மசியில் எது அதிகம் விற்கும் என்று உறவுக்காரர்கள் என்னிடம் கேட்பதுண்டு. முகக்கவசம் என்று சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். முகக்கவசம் இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். அப்புறம் சரக்கு வராது. இல்லாததை எப்படி விற்பது? கடைசி வரைக்கும் ஓடுவது பனடோல் என்கிற பாரசிட்டமால் மாத்திரைதான். அதையும் காய்ச்சலைத் தாங்க முடியாமல் வாங்குகிறவர்களைவிட, காய்ச்சல் வெளியே தெரியாமலிருக்க வாங்குகிறவர்களே அதிகம். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

நான் மருந்தாளராக வேலை பார்ப்பது பினாங்குத் தீவில், பாயான் பாருவில். பக்கத்திலேயே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. 1972-ல் தொடங்கிய இடம். இங்கே மின்னணுப் பேக்டரிகளில் வேலை செய்கிற தமிழ்ப் பெண்களில் நிறையப் பேர் பிறை, பட்டர்வொர்த், நிபோங் திபால் பக்கத்திலிருந்து பேக்டரி பஸ்ஸில் பாலம் தாண்டி வருகிறவர்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில்தான் எங்கள் கடையில் கூட்டம். சேர்ந்த புதிதில் என்னைத் "தங்கச்சி" என்றவர்கள் இப்போது "அக்கா" என்கிறார்கள், இளையவர்கள் "மிஸ்" என்கிறார்கள். முன்னால் நின்று கேட்கிற கேள்வி மட்டும் அதிகம் மாறவில்லை.

2009 ஏப்ரல் கடைசியில் மெக்சிகோவிலிருந்து பன்றிக் காய்ச்சல் செய்தி வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் ஏப்ரல் 27-ல் நான்காம் கட்டம் என்றது, இரண்டு நாளில் ஐந்தாம் கட்டம் என்றது. ஜூன் 11-ல் ஆறாம் கட்டம். அதற்கு மேல் கட்டமே கிடையாது என்று தெரிந்ததும் கடைக்கு வந்த ஒரு அண்ணன், "அப்போ எல்லாம் முடிஞ்சுதா மிஸ்?" என்று கேட்டார். அப்போதிருந்த அந்தக் கட்டம் என்பது நோய் எத்தனை நாடுகளில், எத்தனை இடங்களில் பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது. எவ்வளவு கடுமையானது என்பதையல்ல. பெரும்பாலோருக்கு லேசாகத்தான் வருகிறது என்று அந்த நிறுவனத்தின் தலைவர் மார்கரெட் சான் அன்றே சொன்னார். ஆனால் எண் ஏறிக்கொண்டே போகும்போது பக்கத்தில் வரும் விளக்கத்தை யார் படிப்பார்கள்? எனக்கு இதில் மக்கள் மேல் கோபமில்லை. அப்படியொரு ஏணியைக் கட்டி வைத்தால் அதைப் பார்க்கிறவன் உயரத்தைத்தான் பார்ப்பான்.

மலேசியாவில் முதல் நோயாளி மே 15-ல் உறுதியானார். அமெரிக்காவிலிருந்து திரும்பிய மாணவர். ஜூலைக் கடைசியில் முதல் மரணம். அதற்குப் பிறகுதான் கடை மாறியது.

ஒவ்வொருவரும் பழைய நோய் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் புது நோய்க்குப் பொருள் வாங்குகிறார்கள். தாமான் எனும் குடியிருப்புப் பகுதியிலிருந்து வரும் சீன ஆண்டிகள் பேச்சே இல்லாமல் பெட்டி பெட்டியாக முகக்கவசம் எடுத்தார்கள். 2003-ல் சார்ஸ் வந்தபோது சிங்கப்பூரில் 33 பேர் இறந்தார்கள்; பிள்ளைகள் அங்கே வேலையில் இருந்த வீடுகள் அதை மறக்கவில்லை. நம்மவர்கள் சிலர் மளிகைக் கடையில் அன்னாசிப்பூ வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து எவ்வளவு போட்டுக் கொதிக்க வைப்பது என்று கேட்டார்கள். இதில் ஒரு துளி உண்மை இருந்தது. ஃபுளுவுக்கான டாமிஃப்ளூ மாத்திரை தயாரிக்கத் தேவைப்படும் ஷிகிமிக் அமிலத்தை அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கிறார்கள். ஆனால் அந்த அமிலம் பல வேதி மாற்றங்களைக் கடந்துதான் மருந்தாகிறது. கொதிக்க வைத்துக் குடித்தால் பிரியாணி வாசம் வரும், அவ்வளவுதான். டாமிஃப்ளூவையே நேராகக் கேட்டவர்களும் உண்டு. அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். "வீட்டில் வாங்கி வைத்துக்கொள்கிறேன்" என்றவர்களில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் ஒரு பெரியவர். தீவுக்கு வெளியே, வல்டோர் பக்கம் பன்றிப் பண்ணையில் பல காலம் வேலை பார்த்தவர். மகள் வீட்டுக்கு வந்திருந்தார். பன்றிக் காய்ச்சல் என்றதும் எல்லோரும் அவரைப் பார்த்து ஒதுங்கினார்களாம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இது பன்னிகிட்டேருந்து வருதா, மனுசங்ககிட்டேருந்து வருதாம்மா?" மனிதரிடமிருந்துதான், இறைச்சி சாப்பிடுவதால் வராது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "போன தடவ முதல்ல கொசுன்னாங்க" என்றார்.

அவர் சொன்னது நிப்பாவை. 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் தொடங்கி, பிறகு நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வரை போன நோய். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் இறந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங் புது வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் கொசு அல்ல, நோயுற்ற பன்றிகளோடு பழகியதுதான் காரணம் என்று தெளிவானது. மொத்தத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 10 லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள். அந்தப் பெரியவர் செய்தியை நம்பவில்லை என்றால் அவருக்கு விவரம் போதாது என்று நான் எப்படிச் சொல்வேன்? அவர் கேட்ட கேள்விதான் அந்தச் சமயத்தில் கேட்க வேண்டிய சரியான கேள்வி. படித்தவர்கள் பலர் அதைக் கேட்காமல், பக்கத்துக் கடை பாக் குட் தே எனும் பன்றி இறைச்சி சூப்பைத்தான் நிறுத்தினார்கள்.

சரி, பனடோலுக்கு வருகிறேன்.

பேக்டரி வாசலில் ஜாகா, அதாவது காவல்காரர், நெற்றியில் கருவியை நீட்டி வெப்பம் பார்க்கும் வழக்கம் அந்த வருஷம் வந்தது. 37.5-க்கு மேல் போனால் உள்ளே விடமாட்டார்கள். கம்பெனி ஏற்பாடு செய்த பேனல் கிளினிக்குக்குப் போக வேண்டும், அங்கே எம்சி எனும் மருத்துவ விடுப்புச் சீட்டு கொடுப்பார்கள். கேட்பதற்கு நல்ல ஏற்பாடு. சட்டப்படி எம்சி நாளுக்குச் சம்பளமும் உண்டு: இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவர்களுக்கு வருஷத்துக்கு 14 நாள், ஐந்து வருஷத்துக்குள் என்றால் 18, அதற்கு மேல் 22. ஆனால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, அது சம்பளம் அல்ல, சலுகை. மாதத்தில் ஒரு நாள் எம்சி எடுத்தாலும் அது குறையும், சில இடங்களில் மொத்தமாகப் போகும். ஓடி எனும் ஓவர்டைம் காசும் சேர்ந்து போகும். அடிப்படைச் சம்பளம் குறைவாக இருக்கிறவர்களுக்கு அலவன்ஸும் ஓடியும்தான் வாடகையும் கார் தவணையும்.

ஆகவே நைட் ஷிப்டுக்கு முன்னால் கண் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நிற்பார்கள். "இத போட்டா எவ்ளோ நேரத்துல சூடு இறங்கும் மிஸ்?" பஸ் பேக்டரி வாசலில் நிற்கும் நேரத்தைக் கணக்குப் போட்டுத்தான் அந்தக் கேள்வி. பாரசிட்டமால் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் வேலை செய்யத் தொடங்கும், நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். வாசலைத் தாண்ட அது போதும். வைரஸுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை; சூடு இறங்கினாலும் இருமலில், தும்மலில் அது வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும். ஃபுளு வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலிருந்தே பரப்பத் தொடங்கிவிடுகிறார். அப்புறம் ஐந்தாறு நாள் பரப்புவார்.

இன்னொன்றும் கவனித்தேன். சளி மாத்திரை ஒன்று, பனடோல் ஒன்று என்று சேர்த்து வாங்குவார்கள். பல சளி மாத்திரைகளுக்குள்ளேயே பாரசிட்டமால் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, அதுதான் எல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இரண்டையும் மாறி மாறிப் போட்டால் தெரியாமலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடலாம், ஈரல் கெடும். பினாங்கில் காய்ச்சல் என்றால் டெங்கியாகவும் இருக்கலாம் என்பது வேறு தலைவலி. டெங்கியில் காய்ச்சல் இறங்குகிற மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரைதான் ஆபத்தான நேரம். மாத்திரையால் சூட்டை அமுக்கிக்கொண்டே வேலைக்குப் போகிறவருக்கு எது மாத்திரையால் இறங்கியது, எது தானாக இறங்கியது என்று தெரியாது. டெங்கியில் ஆகாத ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் கேட்டு வருகிறவர்களிடம் அதனால்தான் இன்றைக்கும் நான் பத்துக் கேள்வி கேட்கிறேன், அவர்களும் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

ஒரு பெண் சொன்னாள், "மாஸ்க் எனக்குப் புதுசா மிஸ்? பன்னெண்டு மணி நேரம் போட்டுக்கிட்டுத்தானே நிக்கிறேன்." அவள் வேலை சுத்த அறையில். கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடை, தலைக்கு மூடி, கைக்கு உறை, வாய்க்கு முகக்கவசம். அவளிடமிருந்து தூசியும் எச்சிலும் மின்னணுச் சில்லின் மேல் படக்கூடாது என்பதற்கு. வெளியே வந்தால் கேண்டீன், லாக்கர் அறை, கண்ணாடி மூடிய ஏர்கோன் பஸ். அங்கெல்லாம் யாரும் எதையும் மூடுவதில்லை. சில்லுக்கு இருக்கிற பாதுகாப்பு சாப்பாட்டு மேசையில் எதிரே உட்காருகிற ஆளுக்கு இல்லை.

பேக்டரிக்காரர்களும் எங்கள் கடைக்கு வந்தார்கள். வெப்பம் பார்க்கும் கருவி, சானிடைசர், மொத்தமாக முகக்கவசம். எச்ஆர் பகுதியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி நான்கு மொழியில் அச்சடித்த அறிவிப்பு ஒன்றைக் காட்டினார்: உடம்பு சரியில்லை என்றால் வீட்டிலேயே இருங்கள். தமிழில் எழுத்துப்பிழை இருக்கிறதா பார்க்கச் சொன்னார். பார்த்துக் கொடுத்துவிட்டு, அலவன்ஸை இந்த மாதத்துக்கு மட்டும் வெட்டாமல் இருப்பார்களா என்று கேட்டேன். "அது பேரோல் விஷயம்க்கா, என் கையில இல்ல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க அங்கே யாருக்கும் வேலை கொடுக்கப்படவில்லை.

அந்தக் காய்ச்சல் 2010 ஆகஸ்டில் முடிந்ததாக அறிவித்தார்கள். அப்புறம் சில வருஷம் முகக்கவசம் தூசி படிந்து கிடந்தது.

கோவிட் கதை எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் கடை முன்னால் நின்ற வரிசையைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. எழுத வேண்டியது அதற்கு அடுத்த வருஷம் நடந்தது. 2021 செப்டம்பரில் சுயபரிசோதனைக் கருவிக்கு 19 வெள்ளி 90 சென் என்று உச்ச விலை வைத்தார்கள். அதன் பிறகு பேக்டரிப் பெண்கள் அதைத் தேடி வந்தார்கள். முடிவு பாசிட்டிவ் என்றால் அரசின் மைசெஜாத்ரா செயலியில் பதிவு செய்தால், வீட்டிலிருக்க உத்தரவு கைப்பேசியிலேயே வரும். அந்த உத்தரவைக் காட்டினால் சம்பளத்தோடு விடுப்பு. லைன் லீடர் முறைக்க முடியாது. முன்பு காய்ச்சல் இல்லை என்று காட்ட வந்தவர்கள், இப்போது இருக்கிறது என்று காட்ட வந்தார்கள். "கோடு மங்கலா இருக்கு, இது கணக்குல வருமா?" என்று கருவியைப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டியவர்களும் உண்டு. அச்சம் கூடியதாலோ அறிவு கூடியதாலோ வந்த மாற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே ஆட்கள்தான், பலரின் பெயரே எனக்குத் தெரியும். கையில் ஒரு தாள் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதனால்தான் "பொதுமக்கள் பீதி" என்று பத்திரிகையில் பார்த்தால் எனக்குச் சலிப்பு வருகிறது. பீதியடைய நேரமும் இடமும் வேண்டும். பெட்டி பெட்டியாக வாங்கி வைக்க வீட்டில் ஓர் அலமாரியாவது வேண்டும். மற்றவர்கள் செய்வது பீதி அல்ல, கணக்கு.

அந்தத் தாள் இப்போது கிடையாது. 2025 ஜனவரியில் சீனாவில் எச்எம்பிவி என்ற சளிக்காய்ச்சல் வைரஸ் என்று செய்தி வந்தபோது வாட்ஸப்பில் வந்த படங்களைக் காட்டிக் கேட்டார்கள். 2001-லேயே கண்டுபிடித்த வைரஸ் அது என்றதும் பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். அக்டோபரில் பள்ளிகளில் ஃபுளு பரவியது வேறு மாதிரி. நாடு முழுக்க 6,000 மாணவர்கள் அளவில் பாதிக்கப்பட்டதாகக் கல்வி அமைச்சு சொன்னது, சில பள்ளிகளை மூடினார்கள். அந்த வாரம் ஓர் அம்மா பேக்டரி உடையோடே வந்தார். பிள்ளைக்கு இரவு முழுக்கக் காய்ச்சல். காலையில் மருந்து கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டார். அனுப்பக்கூடாது என்றேன். குளிமிலிருந்து மாமியாரை வரச்சொல்லியிருப்பதாகச் சொன்னார். மாமியாருக்கு என்ன வயது என்று கேட்டேன். எழுபதைத் தாண்டியவர், இனிப்பு நீர் (நீரிழிவு) வேறு.

ஃபுளு தடுப்பூசி பற்றிச் சொன்னேன். போட்டு இரண்டு வாரம் ஆன பிறகே முழுப் பாதுகாப்பு. "இன்னிக்குப் போட்டா இன்னிக்கே வேல செய்யிற ஊசி இல்லயா?" இல்லை. அப்படியானால் பிள்ளையைத் தனி அறையில் வைத்து, பாட்டியை முகக்கவசம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன்.

"மூணு ரூமு ஃபிளாட்டுல ஏழு பேரு இருக்கோம்க்கா. எந்த ரூமு தனி ரூமு?"

காய்ச்சல் சிரப்பும் ஒரு தெர்மோமீட்டரும் எடுத்துக்கொண்டார். கல்லாவில் நின்றபடியே லைன் லீடருக்குப் போன் போட்டு எமர்ஜென்சி லீவு கேட்டார். ஒரு நாள் கொடுத்தார்கள். மறுநாளைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும், தங்கச்சிக்கு மதிய ஷிப்டா என்று கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கிளம்பினார்.