பீடோங்கிலிருந்து கடாரம் பார்க்கப் போகிறவர்களுக்கு

பள்ளி விடுமுறை வந்தால் பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டக் கோயில்களின் இளைஞர் பிரிவுகள் வேன் பிடித்துப் பிள்ளைகளைப் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போகிறார்கள். மலேசியாவின் கெடா மாநிலத்தில், பழைய கடாரத்தின் சின்னங்கள் கிடைத்த இடம் அது. நல்ல பழக்கம். போன இடத்தில் 'இது ராஜேந்திர சோழன் கட்டிய கோயில்' என்று ஒரே வரியில் சொல்லி, படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடுவதுதான் வருத்தம். சோழர் கட்டியது என்று சொல்லும் கல்வெட்டு எதுவும் அங்கே இல்லை. இருப்பதைச் சரியாகக் காட்டினால் பிள்ளைகள் இன்னும் அதிகமாகவே வியப்பார்கள். அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

பீடோங்கிலிருந்து செமிலிங் வழியாகப் போனால் மெர்போக்குக்கு முன்பே சுங்கை பத்து அகழ்வுக் களம் வரும். பலர் இதைத் தாண்டி நேராக அருங்காட்சியகத்துக்குப் போய்விடுகிறார்கள். இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இரும்பும் படகுத் துறையும் புரிந்தால்தான் பேரரசுகள் ஏன் இந்த ஊரைத் தேடி வந்தன என்பது புரியும்.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் இங்கே அகழ்ந்திருக்கிறது. செம்பனை மரங்களுக்கு அடியில் மேடு மேடாகக் கிடந்த நிலம் இது. மேடுகளைத் திறந்தபோது இரும்பு உருக்கிய இடங்களும், செங்கல் தரைகளும், வட்டமான அடித்தளத்தின் மேல் சதுரமாக எழுப்பிய ஒரு வழிபாட்டு மேடையும் வெளிவந்தன. எல்லாரும் அந்த மேடையைத்தான் படம் எடுக்கிறார்கள். பிள்ளைகளை உடைந்த சுடுமண் குழாய்கள் பக்கம் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

துருத்திக் காற்றை உலைக்குள் கொண்டுபோன குழாய்கள் அவை. களிமண்ணால் எழுப்பிய சிறிய உலையில் தாதுக்கல்லையும் மரக்கரியையும் மாற்றி மாற்றிப் போட்டு ஊதுவார்கள். இரும்பு உருக 1,538 பாகை செல்சியஸ் வேண்டும். அந்தச் சூடு இந்த உலைக்கு வராது. சுமார் 1,200 பாகையில் தாதோடு ஒட்டிய மண்ணும் கல்லும் உருகிக் கசடாக வழியும். இரும்பு உருகாமல், ஓட்டை ஓட்டையான கட்டியாக உள்ளே தங்கும். அதைச் சூடு ஆறுவதற்குள் சம்மட்டியால் அடித்து, மிச்சக் கசடைப் பிதுக்கி எடுத்தால்தான் கருவி செய்ய முடியும். உலைக்குள் நீட்டியிருக்கும் குழாயின் முனை தீயில் உருகும், கசடு ஏறி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் சூடு இறங்கும். கசடு வழியாமல் உறைந்து அந்த உலை வேலையே வீணாகும். அதனால் குழாய்களை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். குவியல் குவியலாக அவை கிடப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு குழாயின் கருகிய முனையைக் காட்டி, கண்ணாடி மாதிரி மின்னும் பூச்சைக் கவனிக்கச் சொல்லுங்கள். அது உறைந்த கசடு. எதையும் எடுத்துவர விடாதீர்கள்.

கடல் அந்தக் காலத்தில் இப்போது இருப்பதைவிட உள்ளே வந்திருந்தது. மெர்போக் கழிமுகம் வண்டல் சேர்ந்து தூர்ந்தபின் துறைகள் நிலத்துக்குள் மாட்டிக்கொண்டன. தெற்கே சுங்கை மாஸில் கண்ணாடி மணிகளும், பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் கிடைத்தது இந்த வணிகத்தால். வங்கக் கடலைக் கடந்து வரும் மாலுமிக்கு 1,200 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் குனோங் ஜெராய் மலைதான் முதலில் தெரியும் அடையாளம். 7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி யிஜிங் இந்தியா போகும் வழியில் கெடாவைத் தொட்டே போனார்.

அடுத்து மெர்போக் அருங்காட்சியகம். வளாகத்தின் மேல்பகுதியில், ஆற்றோரமாக நிற்பது சண்டி புக்கிட் பத்து பாஹாட். பழங்கோயில் எச்சத்தை இங்கே சண்டி என்பார்கள். தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் 1930களில் இதை ஆராய்ந்தார்; அலஸ்டர் லேம்ப் தலைமையில் 1960ஆம் ஆண்டு வாக்கில் கற்களை அடுக்கி மீட்டு எழுப்பினார்கள். இது தன் சொந்த இடத்திலேயே நிற்கிறது. காம்போங் பெண்டியாட், பெண்டாங் டாலாம் சண்டிகளோ வேறிடங்களிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து இங்கே அடுக்கப்பட்டவை. இந்த வேறுபாட்டைச் சொல்லாவிட்டால் எல்லாம் ஒரே கோயில் வளாகம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

சண்டியில் ஒரு முனையில் கருவறை, அதற்கு முன்னால் மண்டபம். மண்டபத் தரையில் தூண் நிறுத்துவதற்கான கல் பீடங்கள் வரிசையாக இருக்கும். கல் தூண் ஒன்றுகூட இல்லை. தூண்களும் கூரையும் மரத்தால் ஆனவை, மட்கிப் போய்விட்டன. தஞ்சாவூர் விமானத்தைப் பார்த்த கண்ணோடு வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருப்பது இதனால்தான். கருங்கல் அடித்தளத்தின் மேல் மரக்கட்டடம் எழுப்புவது இந்த மண்ணின் தச்சர்களுக்குக் கைவந்த முறை. கோயிலின் அமைப்பு இந்தியாவிலிருந்து வந்தது. வேலை உள்ளூர்க் கைகளுடையது. எனக்கு இந்த இணைப்புதான் பூஜாங்கிலேயே பெரிய விஷயம்.

உள்ளே காட்சிக்கு இருக்கும் கருங்கல் பெட்டிகளைத் தவறவிடக் கூடாது. மூடி போட்ட சிறிய பெட்டி. திறந்தால் நடுவில் ஒரு குழி, சுற்றி எட்டு, ஆக ஒன்பது. செம்புக் கலசம், மணிக்கற்கள், உலோகத் தகட்டில் வெட்டிய சிறு உருவங்கள் ஆகியவற்றை வைத்துக் கட்டடத்துக்குள் புதைத்திருக்கிறார்கள். கும்பாபிஷேகத்தில் பீடத்துக்கு அடியில் யந்திரமும் நவரத்தினமும் பதிப்பதைப் பார்த்த தோட்டத்துப் பிள்ளைக்கு இதை விளக்க ஐந்து நிமிடம் போதும்.

சோழர் கதையை இதற்குப் பிறகு சொல்லுங்கள். 1025இல் ராஜேந்திரனின் கடற்படை வந்தது. கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை யானைப் படையோடு பிடித்ததையும், குவித்த செல்வத்தை அள்ளியதையும், நகரின் போர்வாயிலில் இருந்த விச்சாதிரத் தோரணம் என்ற அலங்கார வளைவைக் கைப்பற்றியதையும் ராஜேந்திரனின் புகழைப் பாடும் கல்வெட்டு மெய்க்கீர்த்தியே வரிசையாகச் சொல்கிறது. ஒன்றைக் கட்டியதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. கட்டிய கதை எதிர்த் திசையில் நடந்தது: சுமார் 20 ஆண்டுகளுக்கு முன், முதலாம் ராஜராஜன் காலத்தில், கடாரத்து அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் சூளாமணிவர்ம விகாரம் என்ற புத்தப் பள்ளியை எழுப்பியது. ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ராஜராஜன் அதற்குக் கொடுத்தான். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடுகள் 21 ஏடுகள் கொண்டவை. நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போனதால் லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படுபவை. ஒரு தலைமுறை கொடையும் உறவுமாக இருந்து அடுத்த தலைமுறை படையெடுத்த இந்தத் திருப்பத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேள்வியாகவே விடலாம். நன்றாக வாதாடுவார்கள்.

பிறகு வந்தவர்கள் பூஜாங்கில் கோயில் எழுப்பவில்லை. கெடா சுல்தான்கள் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) பொன்மலர் மரத்தைத் திறையாக அனுப்பினார்கள். 1821இல் சயாம் படை உள்ளே புகுந்தது. 1909 பாங்காக் ஒப்பந்தத்தால் கெடா ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அவர்கள் காலத்தில்தான் ரப்பர் பெருகியது. பால்மரம் வெட்ட நம் முன்னோரில் பெரும்பாலோர் இங்கு வந்தது அந்தப் பேரரசின் தேவைக்காக, கங்காணி முறையில். வரும் வழியில் தெரியும் பழைய தோட்டங்களையும் இந்த வரிசையில் சேர்த்தே காட்டுங்கள். லயத்து வீடுகளும் ஒரு பேரரசு விட்டுப்போன சின்னம்தான்.

தோட்டங்களால் ஒரு நன்மை நடந்தது: வீடுகள் ஏறாததால் மேடுகள் பல காலம் பிழைத்தன. அதே தோட்டங்களில் ஆபத்தும் இருக்கிறது. 25, 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு வரும்போது எந்திரம் நிலத்தைச் சமன்படுத்தும், வாய்க்கால் வெட்டும். நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டால் எதுவும் மிஞ்சாது. 2013இல் சண்டி எண் 11 அப்படித்தான் இடிக்கப்பட்டது. தனியார் நிலத்தில் இருந்தது, பாதுகாப்பு அறிவிப்பு இல்லை. செய்தி வெளியில் வந்தபோது செங்கல் குவியல்தான் மிச்சம். இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

ஆகவே வாய்க்கால் வெட்டும்போதோ மரம் சாய்ந்த குழியிலோ வரிசையாக அடுக்கிய தட்டையான செங்கல், உளி பட்ட கருங்கல், சுடுமண் குழாய், கனமான கருங்கசடு கண்ணில் பட்டால் தோண்டாதீர்கள், கழுவாதீர்கள். பொருள் எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் காலக் கணக்கு இருக்கிறது. கையில் எடுத்துவிட்டால் அது போயிற்று. பக்கத்தில் ஓர் அளவுகோலையோ 20 காசையோ வைத்துப் படம் எடுங்கள், கைப்பேசியில் இடக்குறி போடுங்கள், மழை வரும்போல் இருந்தால் தார்ப்பாய் மூடுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி இத்தகைய கண்டெடுப்பை மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு நகல்.

பயணத்துக்குச் சில குறிப்புகள். செப்டம்பர், அக்டோபரில் பிற்பகல் மழை கெட்டியாக இருக்கும், பாசி பிடித்த கல்லில் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள்; காலையிலேயே போய்விடுங்கள். சண்டியின் மேல் ஏறி நிற்க விடாதீர்கள், விளிம்புச் செங்கல்தான் முதலில் நொறுங்கும். கெடாவில் வெள்ளி, சனி வார விடுமுறை. வெள்ளி நண்பகலில் தொழுகை இடைவேளையும் உண்டு. பெரிய குழுவாகப் போனால் ஞாயிறு காலை வசதி, முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.