ரேடியேட்டர் ஏன் குளிர்ந்தே இருந்தது?

மூன்று வாரமாக என் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நேற்றிரவுதான் அது பழையபடி ஓடத் தொடங்கியது. விவரங்கள் மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன். ப்ராசஸர் கொதித்து வேகம் குறையும் இதே தொல்லையில் மாட்டிக்கொண்டிருக்கும் யாருக்காவது சில நாட்கள் மிச்சமாகும்.

2021-ல் நானே ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துப் பூட்டிய கணினி இது. ரைசன் 7 5800எக்ஸ் ப்ராசஸர். அதன் மேல் 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் கொண்ட வாட்டர் கூலர், அதாவது தண்ணீரும் பம்பும் குழாயும் எல்லாம் சேர்த்து ஆலையிலேயே மூடி முத்திரையிட்டு வரும் வகை. தண்ணீரின் சூட்டை விசிறிக் காற்றில் விடும் பகுதிதான் ரேடியேட்டர். அதைக் கேபினெட்டின் முன்பக்கத்தில், இரண்டு குழாய்களும் மேல்முனையில் வருகிற மாதிரி நிறுத்தியிருந்தேன். கிராபிக்ஸ் கார்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் அழகாக அமைந்தது, அதனால் அப்படி.

இரவில் பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் ரெண்டர், அதாவது காட்சிகளைப் படங்களாக உருவாக்கும் வேலையை, போட்டுவிட்டுத் தூங்குவது என் வழக்கம். காலையில் எழுந்தால் ஏறக்குறைய முந்நூறு ஃபிரேம் (தனித்தனிப் படம்) தயாராக இருக்கும். ஒருநாள் பார்த்தால் இருநூற்று இருபத்தைந்துகூட முடியவில்லை. பாகங்களின் வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்தேன். ப்ராசஸர் 90 டிகிரியில் நின்றுகொண்டிருந்தது. 5800எக்ஸுக்கு அதுதான் உச்சவரம்பு. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எப்போதும் எட்டு கோரும் (ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் அலகுகள்) 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும், அன்று 3.4. மின்சாரம் 142 வாட் வரை எடுக்கும். அன்று 60 வாட்டைத் தாண்டவே இல்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த ப்ராசஸர் இயல்பிலேயே சூடானது. எட்டு கோரும் ஒரே சின்னஞ்சிறு சில்லுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் சில்லும் மேல்மூடியின் நடுவில் இல்லாமல் ஒதுங்கி இருக்கிறது. நல்ல கூலர் போட்டாலும் முழுச்சுமையில் 80 டிகிரி வருவதைப் பார்த்து நான் கவலைப்பட்டதில்லை. கணினியைப் பூட்டிய வாரத்திலேயே ப்ராசஸருக்கு முழுச்சுமை தரும் சோதனை மென்பொருளான சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிடம் ஓட்டி 79 என்று குறித்து வைத்திருந்தேன். அறை வெப்பநிலையையும் பக்கத்திலேயே எழுதியிருந்தேன்: 29. அந்த ஒரு குறிப்புதான் இந்த மூன்று வாரமும் எனக்குத் துணை. அது இல்லாவிட்டால், '5800எக்ஸ் என்றாலே சூடுதான்' என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டிருப்பேன்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். ரேடியேட்டர் இடுக்குகளில் படிந்திருந்த தூசியை ஊதி எடுத்தேன். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) தானியங்கி ஓவர்க்ளாக், அதாவது வழக்கத்துக்கு மேல் வேகம் கூட்டும் அமைப்பு, ஏதும் தப்பித்தவறி இயங்குகிறதா என்று பார்த்தேன், இல்லை. அப்புறம் ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் பம்பைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிதாக வைத்து, நான்கு திருகையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். பழைய பேஸ்ட் இரண்டு பக்கமும் சீராகப் பரவியிருந்ததைக் கழற்றியபோதே பார்த்தேன். அது நல்ல அறிகுறி. ஆனால் அந்த நேரத்தில் அது என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை. பூட்டி ஓட்டினேன். மறுபடியும் 90.

பம்ப் போய்விட்டதோ என்ற சந்தேகமும் வந்தது. ஆனால் திரையில் பம்பின் வேகம் நிமிடத்துக்கு 2900 சுற்று என்று ஆடாமல் அசையாமல் நின்றது. சுற்றுகிறது, அப்படியானால் தண்ணீர் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் வீணானது இந்த இடத்தில்தான். அந்த எண் பம்பின் சக்கரம் சுழலும் வேகம் மட்டுமே. சக்கரம் தண்ணீரைத் தள்ளுகிறதா, காற்றைக் கடைந்துகொண்டிருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

வழி காட்டியது சூடு ஏறிய விதம் அல்ல, இறங்கிய விதம். சினிபெஞ்சை நிறுத்தியதும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல நிலையில் இருந்தால் சுமையை எடுத்த சில நொடிகளிலேயே வெப்பம் மளமளவென்று ஐம்பதுக்குப் பக்கத்தில் வந்து விழும். சில்லு ரொம்பச் சின்னது, அதற்கென்று தனியாகத் தேக்கி வைக்கும் சூடு எதுவும் கிடையாது. எனக்கோ நிறுத்தி மூன்று நிமிடம் ஆகியும் 70-ஐ விட்டு இறங்கவில்லை. அப்படியானால் சில்லுக்கு மேலே இருக்கிற ஏதோ ஒன்று கொதித்துப்போய் உட்கார்ந்திருக்கிறது. பேஸ்ட்டில் கோளாறு என்றால் நேர் எதிராக நடக்கும்: சில்லு மட்டும் தகிக்கும், மேலே பம்பின் அடியில் இருக்கும் செம்புத்தகடு அவ்வளவாகச் சூடாகாது, சுமை போனதும் சில்லு சட்டென்று ஆறிவிடும்.

பக்கக் கதவைத் திறந்து கையை வைத்துப் பார்த்தேன். பம்பின் தலையில் விரலை வைக்க முடியவில்லை. அதிலிருந்து கிளம்பும் குழாயின் முதல் சில அங்குலம் நல்ல சூடு. இன்னொரு குழாய் அறையில் கிடக்கும் எந்தப் பொருளையும் போலச் சில்லென்று இருந்தது. ரேடியேட்டரும் அப்படியே, அதன் விசிறிகள் தள்ளிய காற்றில் வெதுவெதுப்புகூட இல்லை. நன்றாக ஓடும் கூலரில் இரண்டு குழாய்க்கும் இடையே கையால் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கடினம். தண்ணீர் அவ்வளவு வேகமாகச் சுற்றிவரும், ஒரு சுற்றில் ஓரிரு டிகிரிதான் ஏறி இறங்கும்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டேன். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேண்டும். கூலருக்குள் 300 மில்லி தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொண்டால், 142 வாட்டும் முழுதாக அதில் இறங்கினாலும், விசிறி ஒன்றுமே ஓடாவிட்டாலும், மொத்தத் தண்ணீரும் நிமிடத்துக்கு ஏழு டிகிரிக்குள்தான் ஏறும். எனக்கோ இருபதே நொடியில் பம்பின் தலை தொட முடியாத சூடு. சூட்டை வாங்கிக்கொள்வது மொத்தத் தண்ணீர் அல்ல, பம்புக்குள் தங்கிவிட்ட சில மில்லி மட்டும்தான்.

ஆக, ஓட்டம் இல்லை. ஏன் இல்லை? இங்கேதான் குழாய்கள் மேலே இருந்த விஷயம் வருகிறது. மூடி முத்திரையிட்ட கூலரிலும் தண்ணீர் குறையும். ரப்பர்க் குழாயின் சுவர் வழியாக ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். எங்கும் ஒழுகல் தெரியாது, ஒரு துளி ஈரம் இருக்காது. போன தண்ணீரின் இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். காற்று எப்போதும் சுற்றின் உச்சிக்குத்தான் போகும். என் கணினியில் உச்சி எது? குழாய்கள் வந்து சேரும், ரேடியேட்டரின் மேல்முனையில் உள்ள தொட்டி. முதல் சில ஆண்டுகள் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. மட்டம் குழாய்வாய்க்குக் கீழே இறங்கியதும், பம்ப் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சத் தொடங்கிவிட்டது.

சோதித்துப் பார்க்கத் தம்பியைக் கூப்பிட்டேன். கணினி எந்தச் சுமையும் இல்லாமல் ஓட, அவன் கேபினெட்டை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகப் பின்பக்கம் சாய்த்தான். கிராபிக்ஸ் கார்டு கழன்றுவிடக் கூடாதே என்று நான் அதைத் தாங்கிக்கொண்டு நின்றேன். ஐந்தாறு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் பம்புக்குள்ளிருந்து 'களக் களக்' என்று ஒரு சத்தம், குடத்தைக் கவிழ்த்தால் வருமே, அது போல. "அண்ணா, 61-லிருந்து இறங்குது பார்" என்றான். 55, 50, 46. அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

ஆனால் இரண்டே நாளில் பழைய கதை. ஆட்டிவிட்டால் காற்று நகரும், போய்விடாது.

எனவே ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாக்கினேன். இப்போது குழாய்கள் கீழ்முனையில் இருக்கின்றன. காற்று எதிர்முனையில் இருக்கும் மேல்தொட்டியில் போய்த் தங்கிக்கொள்ளும். குழாய்வாய் இரண்டும் எப்போதும் தண்ணீருக்குள். பம்பும் ரேடியேட்டரின் உச்சியைவிடத் தாழ்வாக இருப்பதால் காற்று அங்கே ஏறி வர வழியில்லை. குழாயின் நீளம் மட்டும் மட்டுமட்டாக இருந்தது. கிராபிக்ஸ் கார்டின் ஓரத்தைச் சுற்றி, மடிப்பு விழாமல் கொண்டுவர ஒரு மாலைப்பொழுது போனது. கூடவே, ப்ராசஸரின் சூட்டுக்கு ஏற்றபடி பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்த பயாஸ் அமைப்பை மாற்றி, எப்போதும் முழு வேகம் என்று வைத்துவிட்டேன். விசிறி கூடிக் குறையலாம், பம்ப் கூடாது என்பது என் கருத்து.

நேற்றிரவு அறை வெப்பநிலை 30. சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓடி 81-ல் நின்றது. நிறுத்தியதும் நான்கே நொடியில் 52. இரண்டு குழாய்களும் ஒரே வெதுவெதுப்பு, விசிறிக் காற்றும் இளஞ்சூடு.

கழற்றும்போது ரேடியேட்டரைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே நன்றாகவே அலம்பியது. குறைந்துபோன தண்ணீர் திரும்ப வரப்போவதில்லை, இந்தக் கூலரில் ஊற்றி நிரப்ப வாயும் கிடையாது. இனி மாதம் ஒருமுறை அதே சோதனையை ஓட்டி, அறை வெப்பநிலையோடு அதே நோட்டில் எழுதப் போகிறேன். 86-ஐத் தொட்டால் கூலரை மாற்றிவிடுவேன். பழைய 79-க்குக் கீழே நேற்றைய 81-ஐ எழுதியாயிற்று. ரெண்டர் மறுபடி இரவெல்லாம் ஓடியது. காலையில் எண்ணினேன், 297 ஃபிரேம்.