மாமாவின் விசிலும் பின்னோக்கி ஓடும் கடிகாரமும்

கல்லூரிப் பெண்களின் கால்பந்து இறுதிப் போட்டியை அரங்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தவளிடம், யார் கோல் அடித்தார்கள் என்று கேட்பது நியாயம்தான். நேற்றிரவிலிருந்து தோழிகள் அதைத்தான் கேட்கிறார்கள், என்னிடம் பதில் இல்லை. நான் கொடுத்த டிக்கெட் காசுக்கு ஆட்டம் முழுவதும் பார்த்தது ஒன்றே ஒன்று: மாமாவின், அதாவது என் மாமனாரின், உதட்டுக்கும் அவருடைய விசிலுக்கும் இடையே எத்தனை அங்குலம் இருக்கிறது என்பது.

அந்த விசிலை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன்: மாமா சென்னையில் உள்ளூர்க் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தவர். உள்ளே குண்டு உருளும் பித்தளை ஆக்மி தண்டரர், பெரம்பூர் ஐ.சி.எஃப். மைதானத்திலும் வியாசர்பாடியிலும் பல தலைமுறைப் பையன்களை நடுங்க வைத்தது. ரயில்வே கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற அன்று அலுவலகத்தார் போட்ட கைக்கடிகாரம் எந்தப் பீரோவில் இருக்கிறது என்று மாமாவுக்குத் தெரியாது, ஆனால் விசில் எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டுவார். உள்ளூர் இறுதிப் போட்டி ஒன்றில் ஏழு நிமிடம் கூடுதல் நேரம் கொடுத்துவிட்டு, தோற்ற அணியின் ஆதரவாளர்களிடமிருந்து தப்பிக்கச் சுவரேறிக் குதித்த கதையும் எங்கள் வீட்டில் பிரசித்தம். ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தச் சுவர் ஓரடி உயர்கிறது; இந்த ஆண்டுக் கணக்குப்படி அது ஏறக்குறைய சென்ட்ரல் ஸ்டேஷன் கோபுரத்தை எட்டியிருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவரை நாங்களாக அழைத்துப் போகவில்லை. அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பின் பெண்கள் கால்பந்து இறுதிப் போட்டி வட கரோலினாவில் நம் ஊரான கேரியிலேயே, வேக்மெட் பூங்காவில் நடக்கும்போது வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று சின்னவளின் பயிற்சியாளர் குழந்தைகளிடம் சொல்லிவிட்டார். கோவிலுக்குப் போவதைவிடப் பக்கம், பார்க்கிங்கும் கோவிலைவிடச் சுலபம் என்று என் கணவரும் சேர்ந்துகொண்டார். கல்லூரிப் பிள்ளைகள் பந்தாடுவதைப் பார்க்க டிக்கெட்டா என்றுதான் மாமா முதலில் கேட்டார். அதற்கு என் கணவர் காரில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நிகழ்த்திய உரையை இங்கே சுருக்கித் தருகிறேன், ஏனென்றால் சுருக்கித் தர எங்களுக்கு யாரும் இல்லை. பக்கத்து ஊரான சேப்பல் ஹில்லில் உள்ள நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1979-இல் பெண்கள் அணி தொடங்கியபோது பொறுப்பேற்ற ஆன்சன் டோரன்ஸ் என்ற பயிற்சியாளர் 2024-இல்தான் ஓய்வுபெற்றார். அவர் ஓய்வுபெற்ற அதே ஆண்டு டிசம்பரில், இதே கேரி மைதானத்தில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தை வென்று, அந்த அணி அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் பட்டத்தை 22-ஆவது முறையாக எடுத்தது. உலகமறிந்த கால்பந்து ஆட்டக்காரி மியா ஹாம் அங்கே படித்து ஆடியவர்தான். இத்தனைக்கும் பின்னால் 1972-இல் வந்த டைட்டில் நைன் என்ற சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் பணம் வாங்கும் கல்விக்கூடம் எதுவும் ஆண் பெண் வேறுபாடு பார்க்கக் கூடாது என்பதால்தான் பெண்களுக்கும் அணி, மைதானம், உதவித்தொகை எல்லாம் கிடைத்தன. அப்போது அத்தை, “இந்தப் பெண்களுக்குப் பந்து உதைப்பதற்காகப் படிப்புச் செலவைக் கொடுக்கிறார்களா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பலருக்குக் கிடைக்கிறது என்றதும், பிறகு வாய் திறக்கவில்லை.

மாமாவின் கவனமோ வேறிடத்தில் இருந்தது. 2024 முதல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இந்த அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் உறுப்பினர்கள், டாலஸிலிருந்தும் ஒரு பல்கலைக்கழகம் சேர்ந்திருக்கிறது என்ற தகவல் அவரை உண்மையாகவே புண்படுத்திவிட்டது. பசிபிக் கரையில் இருப்பவர்கள் அட்லாண்டிக் கரைக் கோப்பைக்கு ஆடுவதென்றால், தென்னக ரயில்வே கோட்டங்களுக்கு இடையிலான போட்டியில் கவுஹாத்திக்காரனைச் சேர்த்த கதையாக இருக்கிறதே, அந்தப் பிள்ளைகள் எந்த வண்டியில், எத்தனை நாள் பயணம் செய்து வருவார்கள், படிப்பது எப்போது என்று கேட்டார். இந்த ஒன்றில் மட்டும் நான் மாமாவின் கட்சி. தொலைக்காட்சிப் பணம் பேச ஆரம்பித்தால் பூகோளம் வாயை மூடிக்கொள்கிறது.

வாசலில், இங்குள்ள அரங்கங்களின் வழக்கப்படி, உள்ளிருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பையில்தான் பொருள்களைக் கொண்டு போக வேண்டும். வாழ்நாள் முழுவதும் பைக்குள் பை, அதற்குள் சுருக்குப் பை என்று வாழ்ந்த அத்தை, தம்முடைய அமிர்தாஞ்சனத்தையும் விபூதிப் பொட்டலத்தையும் பல் செட்டு டப்பாவையும் ஊரறியக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். சோதனைக்கு நின்றிருந்த வெள்ளை முடிப் பாட்டி அவை எதையும் கண்டுகொள்ளவில்லை. மாமா தாமாகவே சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிய விசிலை மட்டும் கையில் வாங்கிப் பார்த்து, பயிற்சியாளரா என்று விசாரித்தார். “ரெஃப்ரி” என்றார் மாமா. பாட்டி நெற்றியில் கைவைத்து ஒரு சல்யூட் அடித்து உள்ளே விட்டார். அந்தச் சல்யூட் மட்டும் இல்லாதிருந்தால் பின்னால் நடந்தவற்றில் பாதி நடந்திருக்காது.

ஆட்டம் தொடங்கியதும் மாமா ஸ்கோர்போர்டைப் பார்த்தார், பிறகு தம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கடிகாரம் நாற்பத்தைந்தில் ஆரம்பித்துப் பூஜ்யத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பழுது என்று முடிவுகட்டி, முன் வரிசையில் இருந்த நிர்வாகி போன்ற ஒருவரிடம் சொல்ல எழுந்தவரை என் கணவர் பிடித்து உட்கார வைத்து, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அப்படித்தான் என்றார். உலகம் முழுவதும் மேலே ஏறும் கடிகாரம் இங்கே கீழே இறங்கும். கோல் விழுந்தால், அட்டை காட்டினால், யாருக்காவது காயம் பட்டால் நடுவர் சைகை செய்து அதை நிறுத்துவார், அதனால் வீணான நிமிடங்களுக்கு ஈடாகக் கடைசியில் கூடுதல் நேரம் என்ற பேச்சே கிடையாது. பூஜ்யம் வந்ததும் ஹாரன் அலறும், அதற்குள் பந்து கோட்டை முழுவதுமாகத் தாண்டியிருக்காவிட்டால் கோல் இல்லை.

கூடுதல் நேரம் கொடுத்ததற்காகச் சுவரேறிக் குதித்த மனிதரிடம், இந்த நாட்டுக் கல்லூரி ஆட்டத்தில் அந்தக் கூடுதல் நேரமே கிடையாது என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை என் கணவர் யோசித்திருக்க வேண்டும். மாமா நீண்ட நேரம் பேசவில்லை. அதன்பின், ஆட்டம் எப்போது முடியும் என்பது நடுவனுடைய மனசாட்சிக்கும் அவன் கைக்கடிகாரத்துக்கும் இடையே உள்ள ரகசியம், அதை ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டுக் காட்டிவிட்டால் அப்புறம் அவன் எதற்கு, ஒரு மின்சாரப் பெட்டியே போதுமே என்று ஆரம்பித்து, இடைவேளை வரை நிறுத்தவில்லை. பக்கத்திலிருந்த வெளிர்நீலச் சட்டைக் குடும்பம், தங்கள் அணிக்காக இவ்வளவு உணர்ச்சிவசப்படும் முதியவரைப் பார்த்து நெகிழ்ந்துபோய்ப் பாப்கார்னை நீட்டியது. அவர் அதை வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். விசில் முதன்முதலாகச் சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தது அப்போதுதான்.

இடைவேளையில் சின்னவள் தாத்தாவைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து இன்னொரு செய்தியைச் சொன்னாள்: ஆட்டம் சமநிலையில் முடிந்தால் பத்துப் பத்து நிமிடமாக இருமுறை ஆடுவார்கள், அதற்கும் மசியாவிட்டால் பெனால்டி, ஆனால் பெனால்டியில் ஜெயித்தாலும் கணக்குப் புத்தகத்தில் அந்த ஆட்டம் டிராவாகவே எழுதப்படும். முப்பது ஆண்டு கணக்குப் பிரிவில் கழித்தவரிடம் சொல்லத்தக்க செய்தியா அது? கையில் கோப்பை, பேரேட்டில் டிரா. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவான்?

இரண்டாம் பாதியில்தான் உச்சகட்டக் குற்றம் நிகழ்ந்தது. முதல் பாதியில் மாற்றப்பட்டு வெளியே போன ஒரு பெண், தண்ணீர் குடித்து, தலைமுடியை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு, நிதானமாகத் திரும்ப உள்ளே வந்தாள். மாமா எழுந்தே விட்டார். ஆள்மாறாட்டம் என்றார். அவளேதான் வருகிறாள் என்றேன். அப்படியானால் அது இன்னும் மோசம் என்றார். வெளியே போனவள் போனவள்தான். அதுதான் ஆட்டத்தின் தர்மம். கல்லூரி விதிப்படி முதல் பாதியில் வெளியே எடுக்கப்பட்டவர் அந்தப் பாதியில் திரும்ப முடியாது, இரண்டாம் பாதியில் வரலாம் என்று என் கணவர் விளக்க விளக்க, விசில் மார்பிலிருந்து மோவாய்க்கு உயர்ந்தது. நான் ஒரு முழங்கையையும் சின்னவள் மறு முழங்கையையும் பிடித்துக்கொண்டோம். அதற்குள் மைதானத்தில் ஏதோ நடந்து அரங்கமே எழுந்து கத்தியது; எங்களுக்கு அவருடைய காலர்தான் தெரிந்தது.

அப்போதுதான் அத்தை பேசினார்.

“இது நல்ல விதி. முதல் பாதியில் வெளியே வந்தவளை இரண்டாம் பாதியில் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்னை அப்படி யாரும் கூப்பிடவில்லை.”

மூத்த பிள்ளை பிறந்தபோது அத்தை வேலையை விட்டது எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் ஒரு சம்பவமாக நினைத்ததில்லை, அத்தையும் குறையாகச் சொன்னதில்லை. இப்போதும் குறையாகச் சொல்லவில்லை. பருப்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லும் அதே குரலில்தான் சொன்னார். யாரோ ஒரு பெண் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்திருந்ததால் கடிகாரமும் அந்த நேரத்தில் நின்றிருந்தது. மாமா விசிலைக் கீழே இறக்கினார். கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கியபோதும் எதையும் கண்டிக்கவில்லை. திரும்பி வந்த பெண் பந்தைத் தொட்டபோதெல்லாம் அத்தை கைதட்டினார், மாமா அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பத்து விநாடியை ஒலிபெருக்கியில் எண்ணினார்கள். கூட்டமும் சேர்ந்து எண்ணியது. ராக்கெட் விடுகிறார்களா என்று கேட்டபடி மாமா எழுந்து நின்றார், விசில் வாய்க்குப் போய்விட்டது, இம்முறை எங்கள் கைக்கு அவருடைய முழங்கைகள் அகப்படவில்லை. நடுவில் ஊதித் தொலைத்து ஆட்டம் நின்றுபோனால் நாளைக்கு இந்த ஊரில் எப்படிக் காய்கறி வாங்கப் போவது என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, அவரோ ஒழுங்காகக் காத்திருந்தார். ஹாரன் அலறி ஓய்ந்தது. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கொண்டாடத் தொடங்கினார்கள். அதன் பிறகு, கையை உயர்த்தி மைதானத்தின் நடுவட்டத்தைக் காட்டி, இரண்டு குறிலும் ஒரு நெடிலுமாக மூன்று முறை ஊதினார். வாசல் பாட்டி எங்கிருந்தோ கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். “இப்போதுதான் முடிந்தது” என்று சொல்லிவிட்டு மாமா விசிலைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

இதோடு விட்டிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். காலையில் எழுந்ததும் இந்த விதிகளைச் செய்பவர்களின் முகவரி வேண்டும் என்றார். இண்டியானாபொலிஸில் உள்ள என்.சி.ஏ.ஏ. தலைமையகத்துக்கு, ரயில்வே அலுவலக ஆங்கிலத்தில், ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்று தொடங்கும் மனுவை ஒரு முழு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தட்டச்சு செய்ய என்னிடம் கொடுத்திருக்கிறார். கடிகாரம், ஹாரன், பத்து விநாடி எண்ணுதல், பெனால்டிக் கணக்கு, பசிபிக் சமுத்திரம் என ஆட்சேபங்கள் வரிசையாக இருக்கின்றன. மாற்று ஆட்டக்காரர் திரும்ப வருவது பற்றி அரைப் பக்கம் எழுதி, குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார். அடித்ததைத் தட்டச்சு செய்ய வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அது இருக்கட்டும், அதில் தப்பில்லை என்றார். அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டு, நகல் மூன்று எடுக்கச் சொன்னார். நம் வீட்டு பிரிண்டரில் மை தீர்ந்துபோய்ப் பல நாளாகிறது என்பதை அவரிடம் யார் சொல்வது என்றுதான் இப்போது நானும் என் கணவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.