மொட்டாக இருக்கும்போதே விற்கணும்

பூக்கடை போடப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "உனக்குப் பூக் கட்டத் தெரியுமா?" எனக்குச் சுமாராகத்தான் வரும். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நான். கட்டுவதற்கு எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா இருக்கிறார், சிறு வயதிலிருந்து அதே வேலை. டிவி பார்த்துக்கொண்டே கட்டுவார், கையைப் பார்க்கவே மாட்டார். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது பூவை விலை பார்த்து வாங்குவது.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குள் விடியற்காலையில் நுழைந்தால் தரையெல்லாம் ஈரம், சாக்கு, சத்தம். விவசாயியின் பூவைக் கமிஷனுக்கு விற்றுத் தரும் மண்டியில் விலை நிற்காது. வரத்து கூடினால் இறங்கும், முகூர்த்த நாளென்றால் ஏறும். கோடையில் மல்லிகை குவியும்போது கிலோ சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், மிஞ்சியது செண்ட் ஃபேக்டரிக்குப் போகும். மார்கழிப் பனியில் செடி மொட்டு வைக்காது. அப்போதுதான் தைப் பொங்கலும் தை முகூர்த்தமும் வந்து நிற்கும். கிலோ 3,000 ரூபாயைத் தாண்டிய வருடங்களும் உண்டு. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் பெருமைதான். ஆனால் மார்கழியில் முழத்துக்கு விலை சொல்லும்போது எந்த வாடிக்கையாளரும் அந்தப் பெருமையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

காலையில் பறித்த மல்லி மொட்டு அன்று சாயங்காலம் விரிந்துவிடும். என் முதலீட்டுக்கு ஆயுள் அவ்வளவுதான். ஜவுளிக்கடையில் விற்காத சேலையை ஆடித் தள்ளுபடிக்கு எடுத்து வைத்தோம். இங்கே எதை எடுத்து வைப்பது? ஈரத்துணி போர்த்தலாம், தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைக்கலாம். தண்ணீர் அதிகம் தெளித்தால் இதழ் பழுத்துவிடும். அதனால் மல்லிகையைக் குறைத்து வாங்கி, கூடவே கனகாம்பரம், சம்பங்கி, அரளி, செவ்வந்தி வைத்துக்கொள்கிறேன். கனகாம்பரத்துக்கு வாசமே கிடையாது, ஆனால் சீக்கிரம் வாடாது. செவ்வந்தியும் அப்படித்தான், தாங்கும். இவை இரண்டும்தான் என்னைக் காப்பாற்றுகின்றன.

முழக்கணக்கு தனி வித்தை. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை என்றால், யாருடைய கை? அக்காவுக்குக் குட்டைக் கை. "ஏம்மா, உங்க முழம் சின்னதா இருக்கே" என்று ஒரு பாட்டி கேட்டபோது, "நெருக்கிக் கட்டிருக்கேன் பாட்டி, நீங்களே எண்ணிப் பாருங்க" என்றார் அக்கா. பாட்டி உண்மையிலேயே எண்ணினார். பிறகு வாங்கிக்கொண்டும் போனார். நீளத்தில் தாராளமாகக் காட்டி இடைவெளி விட்டுக் கட்டும் கடைகள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. தலையில் வைத்த அரை மணி நேரத்தில் நார் தெரிந்துவிடும், அடுத்த நாள் அந்த ஆள் வரமாட்டார்.

பண்டிகைக்குப் பண்டிகை கணக்கு மாறும். ஆடியில் கல்யாணம் இருக்காது, ஆனால் அம்மன் கோயில்கள் இருக்கின்றன. விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலையும் அருகம்புல்லும் போதும், அன்றைக்கு ரோஜாவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆயுத பூஜைக்குச் செவ்வந்திதான் ராஜா. ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து லேத் பட்டறை வரை எல்லோருக்கும் வேண்டும்.

கடன்தான் தலைவலி. கோயில் பூசாரி, கல்யாண வீடு, பக்கத்துக் கடைக்காரர், எல்லோரிடமிருந்தும் "அப்புறம் தர்றேன்" வரும். மண்டியில் நமக்கும் கடன் தருவார்கள், ஆனால் வாரக்கடைசியில் கேட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கத்தான் என் பழைய வேலை உதவுகிறது. கோடு போட்ட நோட்டு, தேதி, பெயர், தொகை. பூசாரியே வந்து நோட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

இப்போது மேடை அலங்காரமும் கேட்கிறார்கள். அதற்கு ஜெர்பரா, கார்னேஷன், ஜிப்சி வேண்டும். ஓசூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் பெட்டியாக வரும், மதுரைத் தோட்டத்துப் பூ இல்லை. அக்காவுக்கு அவை பிடிக்கவில்லை. "வாசமே இல்லாத பூவுக்கு இவ்வளவு விலையா?" என்கிறார். கனகாம்பரத்தை நினைவுபடுத்தினேன், பதில் இல்லை. ஆவணியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு முதல் ஆர்டர் எடுத்திருக்கிறேன். பாதிப் பணம் முன்பணமாக வாங்கியாயிற்று, நோட்டிலும் ஏற்றியாயிற்று.