சிவப்புக் கேடயம்

ஐரோப்பாவின் பேர்பெற்ற வங்கிக் குடும்பமான ரோத்சைல்ட் குடும்பத்தின் பெயர் முதலில் ஒரு வீட்டின் பெயர், தெரியுமா? ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் அந்தக் காலத்தில் யூதர்களை ஒதுக்கி வைத்திருந்த ஒரே தெருவில் வீட்டு எண் கிடையாது, வாசலில் இருந்த அடையாளம்தான் முகவரி, 16ஆம் நூற்றாண்டில் இவர்களின் முன்னோர் இருந்த வீட்டில் சிவப்புக் கேடயம், ஜெர்மனில் அதுதான் ரோட் ஷில்ட். அப்புறம் வேறு வீட்டுக்குப் போனார்கள், பெயரும் கூடவே போனது. எங்கள் ஊரில் வேப்பமரத்து வீட்டுக்காரர்களுக்கு இன்று வேப்பமரமே இல்லை, அதே மாதிரிதான்.

1744இல் பிறந்த மயர் ஆம்ஷெல்தான் வங்கித் தொழிலைத் தொடங்கியவர், அவர் பின்னாளில் குடியேறியது பச்சைக் கேடய வீட்டில்! அவரது ஐந்து மகன்கள் பிராங்க்ஃபர்ட், வியன்னா, லண்டன், நேப்பிள்ஸ், பாரிஸ் என்று வங்கி நடத்தினார்கள். அம்மா குட்லே மட்டும் 1849இல் கண்மூடும் வரை அந்தக் குறுகலான தெருவை விட்டு வரவே இல்லை. எனக்கு அந்த அம்மாவைத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது.